மதில்மேல் வாக்காளரும் தேர்தல் விளம்பரமும்

தேர்தல் நாள் அறிவிக்கப்பட்டதும் ஊரின் தோற்றமே மாறிவிடுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஆத்தூர்ச் சாலையோரத்துச் சுற்றுச்சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டுச் சின்னங்களைத் தாங்கி நிற்கின்றன. திருச்செங்கோட்டுக் கடைவீதியில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. காலை நாளிதழைப் பிரித்தால் செய்திக்கு முன்னே விளம்பரம் வந்து நிற்கிறது. கைப்பேசியைத் திறந்தால் அங்கும் அதே முகங்கள். இத்துணைப் பொருட்செலவும் யாரை நோக்கியது? கட்சித் தொண்டருக்கு விளம்பரம் தேவையில்லை. அவரது வாக்கு முன்னரே உறுதியானது. எதிரணித் தொண்டர் அதனைக் கண்டு மனம் மாறப்போவதுமில்லை. எஞ்சியிருப்பவர் இன்னும் முடிவெடுக்காத வாக்காளரே. அவரை இவ்விளம்பரங்கள் உண்மையில் எவ்வளவு தூரம் இணங்கச் செய்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா வெறும் ஆர்வத்தால் எழுப்பப்படுவதன்று. 1989ஆம் ஆண்டில் வாக்குரிமை வயது 21லிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டபின், கல்லூரி வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர் அனைவரும் ஏறத்தாழ வாக்காளர்களே. அவர்களுள் பலர் தம் முதல் வாக்கை யாருக்கு அளிப்பது என்று முடிவு செய்யாதவர்கள். விளம்பரக்காரரின் கண் முதலில் விழுவது இவர்கள்மீதுதான்.

மதில்மேல் பூனையா? தராசு முள்ளா?

முடிவெடுக்காதவரை 'மதில்மேல் பூனை' என்று சொல்வது நம் வழக்கு. அச்சொல்லில் ஓர் ஏளனம் உண்டு. எந்தப் பக்கம் பால் கிண்ணம் வைக்கப்படுகிறதோ அந்தப் பக்கம் குதிப்பவர் என்பது அதன் உட்பொருள். ஆயினும் மதில்மேல் நிற்பவர் எல்லாரும் ஒரே தன்மையினர் அல்லர். அவர்களை மூவகையாகப் பகுத்துக் காணலாம்.

முதல் வகையினர் உண்மையிலேயே சீர்தூக்கிப் பார்ப்பவர்கள். மரவள்ளிக் கிழங்கின் விலை, நூல் விலை, முட்டை விலை, மகனின் வேலை, தெருவின் குடிநீர் ஆகியவற்றை இருபுறத் தட்டுகளிலும் வைத்து நிறுத்துப் பார்ப்பவர்கள். இரண்டாம் வகையினர் அரசியலில் நாட்டம் இல்லாதவர்கள். பள்ளிபாளையத்து விசைத்தறிக் கூடத்தில் இரவுப்பணி முடித்து உறங்கப் போகிறவருக்கோ, சரக்கு லாரியில் ஆந்திரமும் மராட்டியமும் சென்று திரும்பும் நாமக்கல் ஓட்டுநருக்கோ தேர்தல் என்பது கடைசி நாட்களில்தான் கண்ணுக்குத் தெரியும். மூன்றாம் வகையினர் முடிவெடுத்திருந்தும் வெளியே சொல்லாதவர்கள். ஊரில் எல்லாரோடும் ஒத்து வாழவேண்டியிருப்பதால், கேட்பவரிடமெல்லாம் 'பார்க்கலாம்' என்று சொல்லிவிடுவார்கள். கருத்துக் கணிப்பாளர் பட்டியலில் இம்மூவரும் ஒரே பெயரால் குறிக்கப்படினும், விளம்பரம் இவர்களிடம் ஆற்றும் வேலை வெவ்வேறு.

இவர்கள் தொகையில் சிறியவராயினும் ஆற்றலில் சிறியவர் அல்லர். 2021ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் மேட்டூர்த் தொகுதியின் முடிவை நிர்ணயித்தவை 656 வாக்குகள். அதே தேர்தலில் சென்னை தியாகராய நகரில் வேறுபாடு 137 வாக்குகள். 2016இல் இராதாபுரம் தொகுதியில் அறிவிக்கப்பட்ட வேறுபாடோ 49 வாக்குகளே. ஆதலின் விளம்பரம் நூற்றுக்கு ஒருவரை மட்டுமே அசைக்கும் எனினும், சில தொகுதிகளில் அந்த ஒருவரே தராசு முள்ளாகிவிடுகிறார்.

விளம்பரத்தின் தொன்மை

பொருளை மக்களுக்கு அறிவிக்கும் கலை தமிழருக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்ற இடத்திலும், அறிஞர் வாதுக்கு அழைத்த மன்றத்திலும் வெவ்வேறு கொடிகள் பறந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. மணிமேகலையின் முதற்காதை, முரசறைந்து விழாவை ஊராருக்கு அறிவித்த செய்தியோடு தொடங்குகிறது. ஆயின் இவை அறிவிப்புகள். இன்ன இடத்தில் இன்னது உண்டு என்று சொல்பவை.

அரசனை மக்கள் முன் நிறுத்தும் இலக்கியமும் நம்மிடம் உண்டு. அரசனின் புகழைப் பாடுவது பாடாண். அரசனின் செவியில் கடமையை அறிவுறுத்துவது செவியறிவுறூஉ. பழந்தமிழ்ப் புலவர் இரண்டையும் பாடினர். பரிசில் பெற்ற வாயாலேயே வரியின் சுமையைக் குறைக்கவும் சொன்னர். இன்றைய தேர்தல் விளம்பரமோ பாடாண் மட்டும் பாடும் புலவனைப் போன்றது. எதிரியைப் பற்றிப் பாடும்போது வசை பாடும். தன் தலைவனிடம் ஒரு கேள்வியும் கேட்காது. இத்தன்மையை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

வென்ற சொற்கள்

விளம்பரம் வெல்லவே இல்லை என்று சொல்வது வரலாற்றுக்கு ஒவ்வாது. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் முன்வைத்த 'ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம். ஒரு படி நிச்சயம்' என்ற முழக்கம் தமிழகத்தின் மூலை முடுக்கெல்லாம் சென்றது. அத்தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன், 1967 சனவரி 12 அன்று, எம்.ஜி.ஆர். துப்பாக்கியால் சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் கூடிய அவரது படம் சுவரொட்டியாகி ஊர்தோறும் ஒட்டப்பட்டது. காங்கிரசு ஆட்சி அத்தேர்தலோடு முடிவுற்றது.

இவ்விரண்டு விளம்பரங்களும் ஏன் வென்றன என்று சிந்தித்தல் வேண்டும். அரிசிக்குப் பஞ்சம் இருந்ததை எந்தச் சுவரொட்டியும் மக்களுக்குக் கற்பிக்கவில்லை. அதை அவர்களின் அடுப்பங்கரை முன்னரே கற்பித்திருந்தது. முழக்கம் செய்ததெல்லாம் வீட்டில் முணுமுணுக்கப்பட்ட குறைக்கு ஒரு பெயரும், வாக்குச்சாவடிக்கு ஒரு வழியும் காட்டியதே. எம்.ஜி.ஆரின் படமும் அத்தகையதே. திரையரங்குகளில் பல்லாண்டுகளாக வளர்ந்திருந்த அன்பின்மீது அது நின்றது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் வெளியிட்ட 'மந்திரி குமாரி'யில் மு. கருணாநிதியின் உரையாடலை எம்.ஜி.ஆர். பேசிய காலத்திலேயே அந்த உறவு தொடங்கிவிட்டது. ஆக, 1967ஆம் ஆண்டுச் சுவரொட்டிக்குப் பின்னால் பதினேழு ஆண்டுக்கால உழவு இருந்தது.

இன்னும் பழைய சான்று ஒன்றை நம் மண்ணிலிருந்தே காட்டலாம். 1930ஆம் ஆண்டில் இராசாசி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கு உப்புச் சத்தியாக்கிரகப் படை நடந்தபோது, தொண்டர்கள் பாடிச் சென்ற பாடலை இயற்றியவர் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. அது தேர்தல் பாட்டன்று. எனினும் தயங்கி நின்றோரை அசைத்த பாட்டு. அதனைப் பாடியவர்கள் சிறைக்கும் தடியடிக்கும் உடலைக் கொடுக்கத் துணிந்தவர்கள். சொல்பவர் தாம் சொல்வதற்கு விலை கொடுக்கும்போது கேட்பவர் நம்புகிறார். விலைக்கு வாங்கப்பட்ட இடத்தில் அச்சிடப்பட்ட சொல்லுக்கு இந்த வலிமை எளிதில் வாய்ப்பதில்லை.

தோற்ற விளம்பரங்கள்

இனித் தோற்றவற்றைக் காண்போம். 2004ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்னர், 'இந்தியா ஒளிர்கிறது' என்னும் பொருளில் நாடெங்கும் தொலைக்காட்சியிலும் நாளிதழ்களிலும் அன்றைய நடுவணரசு பெரும் விளம்பரம் செய்தது. 2002இல் நாட்டில் பருவமழை பொய்த்துக் காவிரிப் படுகையும் வறண்டிருந்த வடு ஆறாத காலம் அது. வறண்ட கிணற்றைக் குனிந்து பார்த்த உழவனுக்கு அந்த ஒளி கண்ணில் படவில்லை. ஆளும் கூட்டணி தோற்றது. தமிழகத்திலும் புதுவையிலும் 40 தொகுதிகளையும் எதிரணியே பெற்றது.

அதே 2004ஆம் ஆண்டில் வேறொரு பாடமும் கிடைத்தது. 1996ஆம் ஆண்டுத் தேர்தலின்போது நடிகர் இரசினிகாந்து, தி.மு.க.–த.மா.கா. கூட்டணியை ஆதரித்துத் தொலைக்காட்சியில் பேசினார். அக்கூட்டணி பெருவெற்றி பெற்றது. அவர் குரலே வெற்றியைத் தந்தது என்று அன்று பலரும் எழுதினர். 2004இல் அவர் பாட்டாளி மக்கள் கட்சி நின்ற தொகுதிகளில் அக்கட்சியைத் தோற்கடிக்குமாறு தம் இரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். தருமபுரி உட்பட அக்கட்சி போட்டியிட்ட ஆறு தொகுதிகளிலும் அதுவே வென்றது. குரல் ஒன்றே, காலம் வேறு. 1996இல் மக்கள் சாய்ந்திருந்த பக்கம் அவர் பேசினார். 2004இல் சாயாத பக்கம் பேசினார். காய்ந்த சருகில் விழுந்த பொறி பற்றும். ஈர விறகில் விழுந்தால் அணைந்துவிடும்.

நம் சேலத்தோடு நேரடியாகத் தொடர்புடைய சான்று 2016ஆம் ஆண்டினது. 2015 பிப்ரவரியில் சேலத்தில் நடைபெற்ற மாநாட்டில் அன்புமணி இராமதாசை முதலமைச்சர் வேட்பாளராகப் பாட்டாளி மக்கள் கட்சி அறிவித்தது. 'மாற்றம், முன்னேற்றம், அன்புமணி' என்ற மூன்று சொற்கள் சுவரிலும் இணையத்திலும் தமிழகம் முழுவதும் பரவின. அமெரிக்கத் தேர்தல் முறையை நினைவூட்டும் புதுப்பாங்கான விளம்பரம் என்று அது பேசப்பட்டது. அச்சொற்களை அறியாதவர் இல்லை என்னும் நிலை ஏற்பட்டது. 2016 தேர்தலில் அக்கட்சி தனித்து நின்று ஏறத்தாழ 5.3 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது, ஓரிடமும் கிடைக்கவில்லை. ஆனால் 2021இல் கூட்டணியில் சேர்ந்து நின்றபோது, சேலம் மாவட்டத்தில் மட்டும் மேட்டூர், சேலம் மேற்கு ஆகிய இரு தொகுதிகளை வென்றது. அறிந்திருத்தல் வேறு, வாக்களித்தல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. வெல்லக்கூடிய அணியில் இருக்கிறாரா என்பதையும் முடிவெடுக்காத வாக்காளர் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்; அந்தக் கணக்கை விளம்பரத்தால் மட்டும் மாற்ற இயலவில்லை.

2016இன் மற்றொரு நிகழ்ச்சி நகைப்புக்கும் சிந்தனைக்கும் உரியது. தி.மு.க. வெளியிட்ட விளம்பரப் படத்தில் ஆட்சியைக் குறை கூறிய மூதாட்டியே, அ.தி.மு.க. வெளியிட்ட விளம்பரப் படத்தில் ஆட்சியைப் பாராட்டியும் தோன்றினார். அவர் கூலிக்கு நடித்த எளிய கலைஞர். அவர்மீது குற்றம் இல்லை. ஏழைப் பாட்டியின் கண்ணீர் என்று இரு கட்சிகளும் காட்டியது எழுதிக் கொடுக்கப்பட்ட வசனம் என்பது ஊருக்கெல்லாம் வெளிப்பட்டுவிட்டது. விளம்பரத்தின் உள்கூட்டை மக்கள் ஒருமுறை பார்த்துவிட்டால், அடுத்த விளம்பரத்தை நம்பிக்கையோடு பார்ப்பதில்லை.

அடுத்தடுத்த இரு மாவட்டங்கள்

விளம்பரத்தின் ஆற்றலை அளப்பதற்கு நம் வட்டாரமே ஒரு சோதனைக் கூடமாக அமைந்துள்ளது. நாமக்கல், 1997 சனவரி முதல் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. சவ்வரிசி ஆலையும் விசைத்தறியும் இருபுறமும் உண்டு. ஒரே காவிரி இரண்டையும் தொட்டு ஓடுகிறது. ஒரே தொலைக்காட்சியைத்தான் இருசாராரும் பார்க்கின்றனர். 2021ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் 'வெற்றிநடை போடும் தமிழகம்' என்ற அரசு விளம்பரமும், 'விடியல்' என்ற எதிர்க்கட்சி விளம்பரமும் இரு மாவட்டத்தாருக்கும் ஒரே அளவில் காட்டப்பட்டன.

முடிவுகளோ வேறாயின. சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10 அ.தி.மு.க. கூட்டணிக்குக் கிடைத்தன. நாமக்கல் மாவட்டத்தின் 6 தொகுதிகளில் 4 தி.மு.க. கூட்டணிக்குச் சென்றன. அதற்கு முந்திய 2016 தேர்தலில் அந்த ஆறில் ஐந்து அ.தி.மு.க.விடம் இருந்தவை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஒரே மழை இரு வயல்களில் பெய்தும் விளைச்சல் வேறாயின், காரணத்தை மழையில் மட்டும் தேடுதல் பொருந்தாது. அன்றைய முதலமைச்சர் எடப்பாடியைச் சேர்ந்தவர் என்ற பற்று, கூட்டணியின் அமைப்பு, வேட்பாளரின் உள்ளூர்ச் செல்வாக்கு, சாதிக் கணக்கு, ஊருக்கு வந்து சேர்ந்த சாலையும் குடிநீரும் எல்லாம் விளைச்சலைத் தீர்மானித்தவை.

இன்னொன்றும் கருதற்பாலது. சேலம் நாடாளுமன்றத் தொகுதி 2019இல் தி.மு.க.வுக்குக் கிடைத்தது. அத்தொகுதிக்கு உட்பட்ட ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஐந்தை 2021இல் அ.தி.மு.க. கூட்டணி வென்றது. 2024இல் நாடாளுமன்றத் தொகுதி மீண்டும் தி.மு.க.வுக்கே சென்றது. ஆகவே நம் வாக்காளர் கல்லில் செதுக்கிய எழுத்துப் போன்றவர் அல்லர், மாறுகிறார். தில்லிக்கு ஒருவரையும் சென்னைக்கு ஒருவரையும் தனித்தனியே எண்ணிப் பார்த்து மாறுகிறார். மதில்மேல் பூனை என்று அவரை ஏளனம் செய்தல் தகாது.

ஆய்வுகள் கூறுவன

அயல்நாட்டு ஆய்வுகளும் இதனையே வேறு வகையில் சொல்கின்றன. 1940ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது, ஒகையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் லாசர்ஸ்பெல்டும் அவர்தம் துணைவர்களும் ஒரே வாக்காளர்களை மாதந்தோறும் சந்தித்து ஆராய்ந்தனர். அதன் முடிவுகள் 1944இல் நூலாக வெளிவந்தன. பரப்புரை கேட்டு ஒரு கட்சியிலிருந்து மறுகட்சிக்குத் தாவியவர் மிகச் சிலரே. பெரும்பாலோருக்குப் பரப்புரை தாம் முன்னரே கொண்டிருந்த சாய்வை உறுதிப்படுத்தியது; உறங்கிக் கிடந்த சாய்வைத் தட்டி எழுப்பியது. கடைசிவரை தயங்கி நின்றோர் வானொலியைவிடத் தமக்குத் தெரிந்த மனிதரின் சொல்லையே பெரிதும் நாடினர் என்பதும் அவர்கள் கண்டதாகும். செய்தி முதலில் ஊரில் விவரம் அறிந்தவரை அடைகிறது. அவர் வாயிலாகவே மற்றவரை அடைகிறது. இதனை 'இருபடி ஓட்டம்' என்று அவர்கள் குறித்தனர்.

பிற்காலத்தில் சோதனை முறைகள் கூர்மையடைந்தன. 2006ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநில ஆளுநர் தேர்தலையொட்டி, எந்தப் பகுதியில் எந்த வாரம் தொலைக்காட்சி விளம்பரம் ஒளிபரப்பாக வேண்டும் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து ஆராய்ந்தனர். விளம்பரம் வந்த வாரத்தில் ஆதரவு தெளிவாக உயர்ந்தது. ஓரிரு வாரங்களில் அவ்வுயர்வு மறைந்துவிட்டது. 2018இல் கல்லா, புரூக்மன் என்னும் இருவர் 49 களச் சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து, பொதுத்தேர்தல் நெருங்கிய காலத்தில் பரப்புரையும் விளம்பரமும் வாக்காளரின் தேர்வை மாற்றும் அளவு சராசரியாகச் சுழியத்தை ஒட்டியே உள்ளது என்றனர். 2020இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 2016ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலின் 49 விளம்பரங்களை ஏறத்தாழ 34,000 பேரிடம் காட்டிச் சோதித்தது. புகழும் விளம்பரமாயினும் பழிக்கும் விளம்பரமாயினும், பார்ப்பவர் கட்சிக்காரராயினும் கட்சி சாராதவராயினும், விளைவு சிறிதாகவே இருந்தது.

அமெரிக்க அளவுகோலை அப்படியே நம் மண்ணுக்குப் பொருத்துதல் முறையன்று. அங்கே பெரிய கட்சிகள் இரண்டே. இங்கே கூட்டணிகள் தேர்தலுக்குத் தேர்தல் மாறுகின்றன. ஆயினும் நம் வரலாறு காட்டிய திசையும் அவ்வாய்வுகள் காட்டும் திசையும் ஒன்றாகவே இருத்தலை மறுக்க இயலாது.

இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வு நம் கவனத்துக்கு மிகவும் உரியது. 2008ஆம் ஆண்டு தில்லிச் சட்டமன்றத் தேர்தலின்போது, குடிசைப் பகுதி வாக்காளர் சிலருக்குத் தம் சட்டமன்ற உறுப்பினரின் செயல்பாடு, வேட்பாளர்களின் தகுதி ஆகிய விவரங்கள் அடங்கிய மதிப்பெண் பட்டியல் செய்தித்தாள் வழியாக வழங்கப்பட்டது. அதனைப் பெற்ற பகுதிகளில் வாக்குப்பதிவு உயர்ந்தது. நன்கு பணியாற்றிய உறுப்பினர்கள் கூடுதல் வாக்குப் பெற்றனர். வாக்குக்குப் பணம் கொடுப்பதும் குறைந்தது. எளிய மக்கள் புகழுரைக்கு மயங்குவர் என்று நினைப்போர், அவர்கள் கணக்கைக் கொடுத்தால் கணக்குப் பார்ப்பவர்கள் என்பதை இதனால் உணரலாம்.

விளம்பரம் வெல்லும் இடங்கள்

அங்ஙனமாயின் கட்சிகள் ஏன் இத்துணைச் செலவிடுகின்றன? விளம்பரத்தால் பயனே இல்லை என்பதன்று விடை. அது வெல்லும் இடங்கள் வேறு.

ஒன்று, அறிமுகம். புதிய வேட்பாளரையும் புதிய சின்னத்தையும் வாக்காளர் கண்ணில் பதிய வைக்கும் வேலையை விளம்பரம் செவ்வனே செய்கிறது. நாட்டமில்லாத இரண்டாம் வகை வாக்காளரிடம் இதற்குப் பயன் உண்டு.

இரண்டு, கேள்வியைத் தீர்மானித்தல். விடையை நம் வாயில் வைக்க முடியாத விளம்பரம், நாம் எந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்பதை மெல்ல வகுத்துவிடும். 'நம் ஊர்க் குடிநீர் என்னாயிற்று?' என்று கேட்க வேண்டிய நேரத்தில் 'யார் வலிமையான தலைவர்?' என்று நம்மைக் கேட்க வைத்தால், விளம்பரக்காரர் பாதி வென்றுவிட்டார்.

மூன்று, நம்பிக்கைக்குரிய கை. இதுவே யாவற்றினும் முதன்மையானது. சுவரொட்டியில் இருக்கும்போது நாம் சந்தேகத்துடன் பார்க்கும் அதே செய்தி, மாமாவிடமிருந்தோ, ஊர்ப் பெரியவரிடமிருந்தோ, ஆசிரியரிடமிருந்தோ வாட்ஸ்அப்பில் வந்தால் செய்தியாகிவிடுகிறது. செலவழித்தவர் யார் என்பது மறைந்து, அனுப்பியவர் யார் என்பதே முன் நிற்கிறது. ஈரி மாவட்டத்தில் கண்ட இருபடி ஓட்டம் இன்று கைப்பேசியில் நாள்தோறும் நிகழ்கிறது. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2018இல் அந்நிறுவனம் இந்தியாவில் வரம்பிட்டதும் இவ்வாபத்தை உணர்ந்தே. விளம்பரம் தானாக வெல்வதில்லை. நம்பப்படும் ஒருவர் அதனைத் தம் சொல்லாக்கிக் கொடுக்கும்போதுதான் வெல்கிறது.

சட்டத்தின் வேலி

சட்டம் சில வேலிகளை இட்டிருக்கிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு, தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும் என்கிறது. 126ஆம் பிரிவு, வாக்குப்பதிவு முடியும் நேரத்திற்கு முந்திய 48 மணி நேரத்தில் பொதுக்கூட்டத்தையும் தொலைக்காட்சி வழிப் பரப்புரையையும் தடுக்கிறது. விளம்பரத்தின் தாக்கம் சில நாட்களில் மங்குவது என்னும் ஆய்வு முடிவோடு இதனை இணைத்துப் பார்த்தால், அமைதிக் காலத்தின் அருமை விளங்கும். கடைசி நாள் விளம்பரத்திற்கு மங்குவதற்கு நேரமில்லை. 2004ஆம் ஆண்டு உச்சநீதிமன்ற ஆணைக்குப்பின், தொலைக்காட்சியில் அரசியல் விளம்பரம் வெளியிட முன்சான்று பெறுதல் வேண்டும். 2019 முதல் முகநூலும் கூகுளும் அரசியல் விளம்பரங்களுக்குப் பணம் கொடுத்தவர் பெயரை இந்தியாவிலும் காட்டி வருகின்றன.

எனினும் வேலியில் இடைவெளிகள் உள. வேட்பாளரின் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. கட்சியின் பொதுப் பரப்புரைச் செலவுக்கு வரம்பு இல்லை. விளம்பரத்தைச் செய்தி போல வெளியிடும் 'காசுக்குச் செய்தி' முறையைப் பற்றி 2009 தேர்தலுக்குப்பின் இந்தியப் பத்திரிகை மன்றம் ஆராய்ந்து, 2010இல் அறிக்கை அளித்தது. தனி மனிதர் தம் உறவினருக்கு அனுப்பும் செய்தியை எந்தக் குழுவும் முன்சான்று அளித்துச் சரிபார்க்க இயலாது. அந்த இடத்தில் சட்டம் நின்றுவிடுகிறது; நம் பொறுப்புத் தொடங்குகிறது.

நம் கடமை

மாணவர்க்குச் சொல்லக்கூடியது இது. ஒரு விளம்பரம் மனத்தைத் தொட்டால், அன்றே முடிவெடுக்க வேண்டா. ஒரு வாரம் பொறுத்திருங்கள். வாரம் கழிந்தும் நிற்பது கருத்து, கரைந்துபோவது விளம்பரம். பின்னர் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதற்குப் பணம் கொடுத்தவர் யார்? இது சொல்லாமல் விட்டது எது? இதையே எதிர்க்கட்சி சொல்லியிருந்தால் நாம் ஏற்றிருப்போமா? 2003 முதல் வேட்பாளர் ஒவ்வொருவரும் தம்மீதுள்ள குற்ற வழக்குகளையும் சொத்தையும் கல்வியையும் உறுதிமொழிப் பத்திரத்தில் தெரிவித்தாக வேண்டும். விளம்பரத்தைப் பார்க்கச் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை அப்பத்திரத்தைப் படிக்கச் செலவிட்டால் போதும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் வேலை உண்டு. உயர்வு நவிற்சியையும் வஞ்சப் புகழ்ச்சியையும் செய்யுளில் மட்டும் காட்டி விட்டுவிடுதல் போதாது. தேர்தல் விளம்பரத்திலும் அவை எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்று மாணவரைக் கண்டெடுக்கச் சொல்லலாம். எந்தக் கட்சியின் பக்கமும் சாயாமல் செய்யக்கூடிய பயிற்சி இது. யார் சொல்லினும் சொல்லின் மெய்ம்மையைக் காணவேண்டும் என்ற வள்ளுவர் கருத்துக்கு இதனினும் நல்ல செயல்முறைப் பாடம் இல்லை.

சமுதாயப் பெரியோர்க்குப் பணிவுடன் ஒன்று. தயங்கி நிற்கும் இளைஞர் கடைசியில் திரும்பிப் பார்ப்பது உங்கள் முகத்தையே. பெருஞ்செலவில் செய்யும் விளம்பரத்தால் ஆகாதது உங்கள் ஒரு சொல்லால் ஆகும். ஆதலின் அச்சொல் கடன் வாங்கியதாக இருத்தல் ஆகாது. சரிபாராத செய்தியை நீங்கள் ஒருவருக்கு அனுப்பும்போது, உங்கள் வாழ்நாள் நேர்மையை அதற்கு முத்திரையாகக் குத்தி அனுப்புகிறீர்கள். 'இவருக்குப் போடு' என்று சொல்வதைவிட, 'இன்ன காரணத்தால் நான் இவருக்குப் போடுகிறேன். நீயும் யோசித்துப் பார்' என்று சொல்வது இளைஞரை வாக்காளராக வளர்க்கும்.

தேர்தல் விளம்பரம் முடிவெடுக்காத வாக்காளரை அஞ்சுமளவுக்கு ஆட்டிப்படைப்பதுமில்லை. முற்றிலும் தொடாமல் விடுவதுமில்லை. வாழ்க்கை கற்பித்ததை அது நினைவூட்டும். கற்பிக்காததைத் திணிக்க அதனால் இயலாது. அதற்கு வலிமை தருவதும் மறுப்பதும் அதனைக் கைமாற்றிக் கொடுக்கும் மனிதரே. அந்த மனிதருள் நாம் ஒவ்வொருவரும் அடக்கம் என்பதை அடுத்த தேர்தல் அறிவிக்கப்படும் முன்னரே நினைவிற் கொள்வோமாக.